இதோ வருது, அதோ வருது!

காத்திருப்பது நமக்கெல்லாம் கைவந்த கலை. காஸ் சிலிண்டருக்குக் காத்திருக்கிறோம். பள்ளிக்கூட வாசலில் மணி அடிக்கக் காத்திருக்கிறோம். டாக்டர் வீட்டில் டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருக்கிறோம். பத்து மாதம் வயிற்றில் சுமந்தும் காத்திருக்கிறோம். ஆனால் ஒரு காருக்காக இரண்டரை வருஷத்துக்கு மேல் காத்திருந்த குடும்பத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அதுவும் இரண்டே பேர் உட்காரக்கூடிய காருக்கு!

என் தம்பி அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் இருக்கிறான். சின்ன வயசிலிருந்தே கார்ப் பைத்தியம். தீப்பெட்டியில் நூலைக் கட்டி இழுத்துக்கொண்டு வீடு முழுக்க ‘டுர்ர்ர்’ என்று ஓடுவான். அவன் கேட்டுப் பணம் கட்டியது ஒரு பந்தயக் கார் மாதிரியான கார். அதற்காக அவனும் அவன் மனைவியும் காத்திருந்த நாட்களில் நான் திருச்சியில் உட்கார்ந்துகொண்டு டெலிபோனில் கேட்டுத் தெரிந்துகொண்டது ஏராளம். கார் வாங்குகிறவர்களுக்கு மட்டுமல்லாமல், கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களுக்கும் அதில் விஷயம் இருப்பதால் எழுதுகிறேன்.

அப்படி என்ன கார் அது?

செவ்ரலே கம்பெனியின் ‘கார்வெட்’ என்ற கார்தான் அது. அமெரிக்காவில் அந்தப் பெயரைச் சொன்னாலே ஆண்பிள்ளைகள் கண் விரிப்பார்களாம். முதன்முதலில் 1953ஆம் ஆண்டு வெளிவந்தது. அந்த வருஷம் செய்ததே 300 கார்கள்தான். அத்தனையும் வெள்ளை நிறம், உள்ளே சிவப்பு. வேறு கலர் வேண்டுமென்றாலும் கிடையாது!

அன்றிலிருந்து ஏழு தலைமுறையாக அந்தக் காரில் எஞ்ஜின் முன்பக்கம்தான் இருந்தது. 2019ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் தேதி எட்டாவது தலைமுறைக் காரைக் காட்டினார்கள். அதில்தான் முதல் தடவையாக எஞ்ஜினைச் சீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார்கள். இப்படிப் பின்னால் எஞ்ஜின் வைத்த பந்தயக் கார் என்றால் பெரும்பாலும் பெரிய பெரிய பணக்காரர்கள் வாங்கும் விலையில்தான் இருக்குமாம். இதன் ஆரம்ப விலையோ 59,995 டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 41 லட்சம் ரூபாய். நமக்கு அது மலைப்பான தொகை. அந்த ஊர்க் கணக்கில் அந்த மாதிரிக் காருக்கு அது மலிவு. அதனால் ஜனங்கள் முண்டியடித்துக்கொண்டு பதிவு செய்தார்கள். அந்தக் கூட்டத்தில் தம்பியும் ஒருவன். ஆகஸ்டு மாதம் முன்பணம் கட்டினான்.

“அக்கா, அடுத்த வசந்த காலத்துல வந்துடும்னு சொல்றாங்க” என்றான்.

அவன் மனைவி பக்கத்திலிருந்து, “இவர் இப்பவே அதுக்கு கராஜை ஒழிச்சு வச்சுட்டார் அண்ணி” என்று சிரித்தாள்.

பணம் கட்டினால் கார் வந்துவிடுமா?

இங்கேதான் எனக்கு முதல் பாடம். கம்பெனி நேராக நமக்குக் காரை விற்பதில்லை. ஒவ்வொரு டீலருக்கும் இத்தனை கார் என்று பங்கு பிரித்துக் கொடுக்கிறது. இதற்குமுன் அதிகமாக விற்ற டீலருக்கு அதிகப் பங்கு. நாம் பணம் கட்டியது டீலருடைய நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரிசை எண். அவ்வளவுதான். அவருக்கு வருஷத்துக்குப் பத்து கார் பங்கு வந்து, நம் எண் இருபத்தைந்து என்றால் என்ன ஆகும்? நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தம்பி முதலில் போன ஒரு டீலர், விலைக்கு மேல் இன்னும் சில ஆயிரம் டாலர் கொடுத்தால் வரிசையில் முன்னால் தள்ளுகிறேன் என்றாராம். தம்பி கும்பிடு போட்டுவிட்டு வேறு டீலரிடம் போனான். “விலைப் பட்டியலில் உள்ளதற்கு மேல் வாங்க மாட்டோம், வேண்டாமென்றால் முன்பணம் முழுசாகத் திரும்பும்” என்று இவர் எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதம் பின்னால் எப்படி உதவியது என்று சொல்கிறேன்.

நம் வீட்டுப் பெரியவர்களிடம் இதைச் சொன்னால், “இது என்ன பிரமாதம்!” என்பார்கள். என் மாமனார் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தவர். அந்த நாளில் ஸ்கூட்டர் அலாட்மென்ட் கடிதத்துக்கே விலை உண்டு. 1983ல் மாருதி 800 காருக்குப் பதிவு ஆரம்பித்தபோது 10,000 ரூபாய் முன்பணம் கட்டி லட்சம் பேருக்கு மேல் காத்திருந்தார்கள். அந்த வருஷம் டிசம்பர் 14ஆம் தேதி முதல் காரின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தியே கையில் கொடுத்தார். ஸ்கூட்டரோ காரோ, பணம் கட்டியவர் மனசு எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது!

சாமான் எடுத்துவைத்த கைகள் நின்றன

பதிவு செய்து ஒரு மாதம் ஆகியிருக்கும். செப்டம்பர் 16ஆம் தேதி ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் ஆரம்பித்தார்கள். செவ்ரலே அந்தக் கம்பெனியைச் சேர்ந்ததுதான். ஏறக்குறைய 48,000 பேர். 40 நாள். தற்காலிகத் தொழிலாளர்களை நிரந்தரமாக்க வேண்டும், சம்பளம், மருத்துவச் செலவு என்று கோரிக்கைகள். அந்த நாட்களில் சங்கம் அவர்களுக்குக் கொடுத்த உதவிப் பணம் வாரத்துக்கு 250 டாலர். பிறகு 275 ஆக்கினார்கள். அந்த ஊர் வாடகைக்கும் பால் ரொட்டிக்கும் அது எந்த மூலைக்கு?

தம்பிக்கு முதலில் எரிச்சல்தான். “இப்பத்தான் இவங்களுக்கு ஸ்டிரைக் பண்ணத் தோணிச்சா?” என்றான். அவன் மனைவிதான் சொன்னாளாம்: “நீங்க காருக்குக் காத்திருக்கீங்க. அவங்க வீட்டுல சம்பளத்துக்குக் காத்திருக்காங்க.” அதற்கப்புறம் அவன் வாயைத் திறக்கவில்லை.

அக்டோபர் 25ஆம் தேதி உடன்பாடு ஆகி வேலைநிறுத்தம் முடிந்தது. தற்காலிகத் தொழிலாளர்கள் நிரந்தரமாக வழி பிறந்தது. ஆனால் வருஷக் கடைசியில் ஆரம்பித்திருக்க வேண்டிய புதுக் கார் உற்பத்தி 2020 பிப்ரவரிக்குப் போய்விட்டது. கென்டக்கி மாநிலத்தில் பௌலிங் கிரீன் என்ற ஊரில்தான் 1981லிருந்து இந்தக் காரைச் செய்கிறார்கள். வேறு எங்கும் கிடையாது. அந்த ஒரு தொழிற்சாலை நின்றால் எல்லாம் நின்ற மாதிரி.

எண்களில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி

இந்தச் சமயத்தில் தம்பி மனைவி முழுகாமல் இருக்கும் சந்தோஷச் செய்தி வந்தது. அக்டோபரில் பிரசவம் என்று டாக்டர் நாள் குறித்தார். அப்போதுதான் எனக்கு ஒரு வேடிக்கை தெரிய வந்தது. கர்ப்பிணிக்கு மாதக் கணக்கு இருக்கிற மாதிரி அந்தக் காருக்கும் எண் கணக்கு இருக்கிறது!

டீலர் ஆர்டரைப் பதிந்தால் 1100. கம்பெனி ஏற்றுக்கொண்டால் 2000. உற்பத்திப் பிரிவு எடுத்துக்கொண்டால் 3000. கார் செய்து முடித்தால் 3800. லாரியில் ஏற்றினால் 4200. டீலர் வாசலில் இறங்கினால் 5000. நம் கையில் சாவி வந்தால் 6000. ஏதாவது ஒரு பாகம் தட்டுப்பாடு என்றால் அந்த பாகத்தைக் கேட்டிருப்பவர்களின் கார் அதே எண்ணில் நின்றுவிடும். நூறு பாகம் தயாராக இருந்தாலும் ஒரு பாகம் இல்லையென்றால் கார் இல்லை. சாம்பாருக்கு எல்லாம் இருந்து புளி மட்டும் இல்லாத கதைதான்.

“அண்ணி, எனக்கு ஸ்கேன் எடுத்த அன்னிக்குக்கூட இவர் அவ்வளவு ஆவலா இல்லை. தினமும் காலைல எழுந்ததும் காரோட நம்பர் மாறிச்சான்னுதான் பார்க்கறார்” என்று குறைப்பட்டாள். நான் தம்பியைக் கூப்பிட்டு நாலு வார்த்தை சொன்னேன் என்பதை இங்கே எழுதாமல் விடமுடியாது!

உற்பத்தி ஆரம்பித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மார்ச் மாதம் கொரோனா வந்து தொழிற்சாலையை மூடினார்கள். மே கடைசியில்தான் திறந்தார்கள். அந்த வருஷக் கார்களுக்கு ஆர்டர் எடுப்பதை நிறுத்தியும் விட்டார்கள். “உங்கள் முறை 2021 மாடலில் வரும்” என்று டீலரிடமிருந்து தகவல். அம்மாவும் போகமுடியாத, விமானமே பறக்காத அந்த மாதங்களில் அவர்கள் இருவரும் தனியாகப் பிரசவத்துக்குத் தயாரானார்கள். காரைப் பற்றிய பேச்சே குறைந்துபோயிற்று.

இரண்டு சீட், மூன்று பேர்

அக்டோபரில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் முதலில் கேட்டது என்ன தெரியுமா? “குழந்தைக்குக் கார் சீட் இருக்கிறதா?” என்றுதான். அங்கே எல்லா மாநிலத்திலும் அது சட்டம். பழைய நாலு கதவுக் காரில், பின் சீட்டில், அந்தச் சின்ன சீட்டை மாட்டிக் குழந்தையை அழைத்து வந்தார்கள்.

தாய்மார்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். கைக்குழந்தையின் சீட் காரின் பின்பக்கத்தைப் பார்த்து இருக்க வேண்டும். ஏன்? குழந்தைக்கு உடம்பின் அளவைப் பார்த்தால் தலை கனம் அதிகம், கழுத்து இளசு. கார் திடீரென்று மோதினால் தலை முன்னால் பாயும். பின்னோக்கி உட்கார்ந்திருந்தால் அந்த வேகத்தைச் சீட்டின் முதுகு முழுவதும் தாங்கிக்கொள்ளும். கழுத்துக்கு அதிர்ச்சி குறையும்.

இந்தச் சீட்டை ஏர்பேக் வேலை செய்யும் முன் சீட்டில் வைக்கவே கூடாது. ஏர்பேக் நம்மைக் காப்பாற்ற வந்ததுதான். ஆனால் அது கண் இமைக்கும் நேரத்தில் அறைந்த மாதிரி விரியும். பின்னோக்கி வைத்த சீட் அதற்கு மிக அருகில் இருப்பதால் அடி நேராகக் குழந்தையின் தலைப்பக்கம் விழும். 13 வயது ஆகும்வரை பிள்ளைகள் பின் சீட்டில்தான் உட்கார வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்கிறது.

நம் ஊரில் என்ன செய்கிறோம்? முன் சீட்டில் அம்மா, மடியில் குழந்தை. “நான்தான் கெட்டியாகப் பிடித்திருக்கிறேனே” என்கிறோம். வண்டி மோதும்போது அந்த வேகத்தில் எந்தத் தாயின் கையும் குழந்தையைப் பிடித்து நிறுத்த முடியாது. 2019ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பெல்ட் அல்லது குழந்தை சீட் இல்லாமல் அழைத்துப் போனால் 1,000 ரூபாய் அபராதம் உண்டு. அபராதத்துக்குப் பயந்து வேண்டாம், குழந்தைக்காகச் செய்வோம்.

சரி, கதைக்கு வருகிறேன். குழந்தைக்கு ஒரு மாதம் ஆனபோது டீலர் கூப்பிட்டார். “உங்கள் முறை வந்துவிட்டது. சரி என்றால் ஆர்டர் போடுகிறேன்.” ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தது எதிரே வந்து நிற்கிறது! ஆனால் தம்பியின் கணக்கு, பழைய காரை விற்று அந்தப் பணத்தையும் சேர்த்துப் புதுக் கார் வாங்குவது. புதுக் காரில் பின் சீட்டே கிடையாது. குழந்தைக்கு ஊசி போட எதில் போவது? ராத்திரி ஜுரம் வந்தால் எதில் தூக்கிக்கொண்டு ஓடுவது?

அன்றைக்கு இரண்டு பேரும் என்னுடன் நெடுநேரம் பேசினார்கள். அவன் குரலே கம்மியிருந்தது. “இப்ப விட்டா மறுபடி வரிசைக் கடைசிக்குப் போகணும்க்கா” என்றான். அவள் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. “நீங்க வாங்குங்க. நான் மூணே மூணு விஷயம் கேட்கறேன். பழைய காரை விக்கக்கூடாது. உங்க பேர்ல ஆயுள் இன்ஷூரன்ஸ் பெரிசா எடுக்கணும். குழந்தை பேர்ல போடறதா சொன்ன பணத்தை முதல்ல போடணும். இதெல்லாம் முடிஞ்சு மிச்சம் இருக்கற பணத்துல வாங்கறதுன்னா எனக்கும் சந்தோஷம்தான்” என்றாள்.

கடன் கூட்டி வாங்கலாம் என்று அவன் ஒரு ராத்திரி முழுக்கக் கணக்குப் போட்டுப் பார்த்தான். மாதத் தவணை கழுத்தை நெரித்தது. மறுநாள் டீலரிடம், “என் இடத்தை அடுத்தவருக்குக் கொடுங்கள், என்னைக் கடைசியில் போடுங்கள்” என்று சொல்லிவிட்டான். எழுதி வாங்கிய காகிதம் இருந்ததால் முன்பணத்துக்கு ஒரு பங்கமும் வரவில்லை. அதை அப்படியே அடுத்த வரிசைக்கு வைத்துக்கொண்டார்கள்.

அந்த முடிவு அவனுக்கு லேசானதில்லை. கராஜில் காலியாக இருந்த இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கனத்ததாகப் பின்னால் சொன்னான்.

புயலுக்குப் பிறகு

அவள் கேட்ட மூன்றையும் ஒரு வருஷத்துக்குள் செய்து முடித்தான். பழைய கார் விற்று வரவேண்டிய பணத்தை மாதாமாதம் தனியாகச் சேர்த்தான். 2021 இலையுதிர் காலத்தில் மறுபடி முறை வந்தது. இந்தத் தடவை தயங்காமல் சரி என்றான்.

அந்த டிசம்பர் 11ஆம் தேதி விடிவதற்குமுன் பௌலிங் கிரீன் ஊரைச் சுழற்காற்று தாக்கியது. அந்தப் பகுதியில் 15 பேருக்கு மேல் இறந்தார்கள். வீடுகள் தரைமட்டம். தொழிற்சாலைக் கூரையிலும் தீப்பிடித்தது. செய்து வைத்திருந்த 120க்கும் மேற்பட்ட கார்கள் கெட்டுப்போய், விற்காமல் கழித்துக் கட்டினார்கள். “என் கார் அதில் இருந்ததா?” என்று கேட்கத்தான் தம்பி போனை எடுத்தானாம். அதற்குள் டெலிவிஷனில் பிள்ளைகளை இழந்த குடும்பங்களைக் காட்டினார்கள். போனைக் கீழே வைத்துவிட்டு, தூங்கிக்கொண்டிருந்த குழந்தைப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான் என்று அவன் மனைவி சொன்னாள்.

2022 ஏப்ரலில் கார் வந்தது. விலை கொஞ்சம் ஏறியிருந்தது. ஆனால் கையில் பணம் இருந்தது. தொழிற்சாலைக்கு அருகில் உள்ள கார்வெட் மியூசியத்துக்கே போய் அங்கே காரைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடும் உண்டாம். 2014ல் அந்த மியூசியத்தில் தரை உள்வாங்கி எட்டு கார்கள் பள்ளத்தில் விழுந்தது பெரிய செய்தி. இவர்கள் உள்ளூர் டீலரிடமே வாங்கிக்கொண்டார்கள். எலுமிச்சம்பழம் வைத்து, குங்குமம் இட்டு எடுத்ததை அந்த ஊர்க்காரர்கள் அதிசயமாகப் பார்த்தார்களாம். குழந்தை இன்றும் பழைய காரின் பின் சீட்டில்தான் போகிறாள். புதுக் கார் ஞாயிற்றுக்கிழமைக் கார்!

நம் வீட்டில் கார் பதிவு செய்தால்

செவ்ரலே நம் நாட்டில் கார் விற்பதை 2017 கடைசியோடு நிறுத்திவிட்டது. ஆனால் எந்தக் கம்பெனி புது மாடல் விட்டாலும் நம் ஊரிலும் மாதக்கணக்கில் காத்திருப்பு உண்டு. வீட்டுக்காரர் பணம் கட்டப் போகும்போது நாமும் கூடப் போய் இதையெல்லாம் கேட்டுக்கொள்வது நல்லது:

1. முன்பணம் திரும்புமா? ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள்? ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

2. பதிவு செய்த அன்றைய விலையா, கார் எடுக்கும் அன்றைய விலையா? பெரும்பாலும் எடுக்கும் அன்றைய விலைதான் போடுவார்கள். கொஞ்சம் அதிகமாகவே பணம் ஒதுக்கி வையுங்கள்.

3. மாடல், கலர் இரண்டும் ரசீதில் தெளிவாக இருக்கட்டும். “இந்தக் கலர் என்றால் உடனே தருகிறேன்” என்று சொன்னால் அவசரப்பட வேண்டாம்.

4. கடனை முன்கூட்டியே வாங்கி வைக்காதீர்கள். கார் வருவதற்குமுன் தவணை ஆரம்பித்துவிடக் கூடாது. அனுமதிக் கடிதம் எத்தனை நாள் செல்லும் என்று பாங்கில் கேளுங்கள்.

5. இன்ஷூரன்ஸ் எங்கே எடுப்பது என்பது நம் விருப்பம். இரண்டு மூன்று இடத்தில் விலை விசாரியுங்கள்.

6. பதிவெண் வாங்குவதற்குமுன் காரைப் பகல் வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். கீறல், கண்ணாடி, டயர், விளக்கு எல்லாம் சரிதானா? தயாரித்த மாதம், வருஷம் என்ன? வெகுநாள் வெயிலில் நின்ற வண்டியைத் தலையில் கட்டிவிடக் கூடாது பாருங்கள்.

7. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் குழந்தை சீட்டை முதலிலேயே வாங்கி, அந்தக் காரின் பின் சீட்டில் சரியாகப் பொருந்துகிறதா என்று மாட்டிப் பாருங்கள். சீட் கவருக்கும் பாட்டுப் பெட்டிக்கும் செலவழிப்பதற்கு முன்னால் இதற்குச் செலவழியுங்கள்.

கார் வரும்வரை கையில் இருக்கும் நாட்கள் சும்மா போகும் நாட்கள் இல்லை. பணம் சேர்க்கலாம், காகிதங்களைச் சரிபார்க்கலாம், வீட்டில் உள்ளவர்களின் மனசையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நாலு பேர் சந்தோஷமாக ஏறி உட்காரும்போதுதான் அது வீட்டுக் கார். அந்த நாலு பேரில் குட்டிப்பாப்பா எங்கே உட்காரப் போகிறாள் என்று பணம் கட்டும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள், சகோதரிகளே!